ஒரே பிரஷ்



போன வருட ஆண்டு விழாவில் கும்மி ஆடிய ஒன்பது பேருக்கும் மேக்கப் போட்டது நான்தான். எல்லாரும் கை தட்டினீங்க. எனக்குப் பெருமையா இருந்தது. ஆனால் நான் எழுத வந்தது வேறு விஷயம்.

எனக்கு இதெல்லாம் தெரிந்தது எங்க தாத்தாவால்தான். செய்யாறு பக்கம் தெருக்கூத்து பார்க்காதவங்க யாரும் இருக்க மாட்டாங்க. தாத்தா துரியோதனன் வேஷம் கட்டுவார். ராத்திரி கூத்துக்குச் சாயங்காலமே அரிதாரம் பூச உட்கார்ந்துடுவார். பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி பிடிப்பது என் வேலை. கலர்ப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து முகம் முழுக்கக் கையாலேயே பூசுவார். "பெரிய இடத்துக்கு விரல்தான் பாப்பா பிரஷ்" என்பார். மீசைக்கும் புருவத்துக்கும் மெல்லிய பிரஷ். கன்னத்தில் வெள்ளைப் புள்ளி வைக்க ஈர்க்குச்சி. ஒருத்தருக்குப் புள்ளி வைத்ததும் அந்தக் குச்சியை ஒடித்துப் போட்டுவிடுவார். அது ஏதோ சாங்கியம்னு நான் நினைச்சிக்கிட்டிருந்தேன்.

பிரஷ் வாங்கும்போது புறங்கையில் அழுத்திப் பார்க்கணும். குத்தக் கூடாது, கையை எடுத்ததும் முடி பழையபடி நிமிரணும். லேசா இழுத்தால் முடி கையோடு வந்தால் வேண்டாம். பவுடருக்கு அடர்த்தியா, மெத்துனு இருக்கிற பெரிய பிரஷ். மை, உதட்டுச் சாயத்துக்கு நைலான் பிரஷ் நல்லது, எண்ணெயை உறிஞ்சாது, கழுவவும் சுலபம். கீரிப்பிள்ளை முடியில் செய்த பிரஷ் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீங்க. அதை விற்பது 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாவம், ஒரு பிரஷுக்காக ஒரு கீரியா? கழுவிய பிரஷை நிற்க வைத்துக் காய வைக்கக் கூடாது. தண்ணீர் கீழே இறங்கி, தகரப் பூணுக்குள் இருக்கிற பசை விட்டுப்போகும். படுக்க வைக்கணும்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

அன்று முதலில் உட்கார்ந்தவள் "கண்ணு உறுத்துதுடி" என்றாள். நேரமாகுதுன்னு டீச்சர் சத்தம் போட்டுக்கிட்டிருந்தாங்க. நான் மை தீட்டிவிட்டு, அதே பிரஷை அதே மை டப்பாவில் தொட்டு மீதி எட்டு பேருக்கும் தீட்டினேன். கழுவினேன்தான், எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு!

ஒரு வாரத்துக்குள் நாலு பேருக்கு மெட்ராஸ் ஐ. தண்ணீர்த் தொட்டியைச் சொன்னாங்க, வெயிலைச் சொன்னாங்க. பார்த்தாலே ஒட்டிக்கும்னு சிலர் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. பார்ப்பதால் ஒட்டாது. கை, துண்டு, தலையணை, மை, இதுங்க வழியாத்தான் ஒட்டும் என்று அறிவியல் டீச்சர் வகுப்பில் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் எழுந்து சொல்லவில்லை. பயம்.

அந்த நாலு பேரில் ஒருத்தி எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அந்தச் சனிக்கிழமை எங்களுக்கு தேசிய வருவாய் வழி திறன் தேர்வு. பாஸாகி பட்டியலில் வந்தால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். அவள்தான் எங்கள் வகுப்பில் கணக்கில் முதல். கண் திறக்க முடியாமல் வீட்டில் படுத்திருந்தாள். நான் போய் எழுதினேன். எனக்கும் கிடைக்கவில்லை.

போன மாதம்தான் அவளிடம் சொன்னேன். மூணு நாள் பேசவில்லை. நாலாம் நாள், "உன்னாலதான்னு எப்படித் தெரியும்?" என்றாள். தெரியாதுதான். ஆனால் எனக்கு அப்படித்தான் தோணுது என்றேன். "அப்போ எல்லாருக்கும் எழுதிப் போடு" என்றாள். அதனால்தான் இது.

தாத்தாவிடமும் கேட்டேன். "ஒருத்தன் வேர்வை இன்னொருத்தன் மூஞ்சியில படக் கூடாதுன்னுதான் ஒடிக்கிறேன், சாங்கியமாவது ஒண்ணாவது" என்று சிரித்தார்.

இந்த வருட விழாவுக்கும் டீச்சர் என்னையே போடச் சொல்லியிருக்காங்க. வேண்டாம்னு நினைக்கிறவங்க சொல்லிடுங்க, கோபமில்லை. வருகிறவங்க அவங்கவங்க மை டப்பாவைக் கொண்டு வாங்க. கண் உறுத்தினால் முதலிலேயே சொல்லுங்க. கண்ணுக்கு ஆளுக்கு ஒரு பஞ்சு பட்ஸ், கன்னத்துப் பொட்டுக்கு ஆளுக்கு ஒரு ஈர்க்குச்சி. எங்க வீட்டுத் தென்னையில் ஓலை விழுந்திருக்கு, குச்சி நானே சீவி எடுத்துட்டு வரேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி