நாடி 38

மூன்று வாரமாக ஏன் பதிவு போடவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். இப்போது நலமாக இருக்கிறேன். இடது தோளுக்குக் கீழே ஒரு பேஸ்மேக்கர் இருக்கிறது, அவ்வளவுதான். நடந்ததைச் சொன்னால் உங்களில் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சர்க்கரை வந்து 18 ஆண்டுகள். பணியில் இருந்தவரை மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன். ஓய்வு பெற்றபின் அலட்சியம். கல்யாணப் பந்தியில் பாயசத்தை வேண்டாம் என்று சொன்னதில்லை. ஈசிஜி எடுக்கச் சொன்னபோதெல்லாம், "நெஞ்சு வலியே இல்லை, எதற்கு?" என்று தட்டிக்கழித்தேன்.

இரண்டு மாதமாக மாடி ஏறினால் களைப்பு. வயதாகிவிட்டது என்று நினைத்தேன். இரண்டு முறை தலை சுற்றியது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று நானே முடிவு செய்து வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டேன். மூன்றாம் முறை, செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மனைவி குளுக்கோமீட்டரில் பார்த்தாள். 186. "சர்க்கரை இறங்கவே இல்லையே, பிறகு ஏன் மயக்கம்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினாள். "38தான் வருது தாத்தா." தப்பாக எண்ணுகிறாய் என்று அதட்டினேன். மறுபடி எண்ணினாள். 36. ஓய்வில் இருக்கும்போது நாடி 60 முதல் 100 வரை இருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

அன்றே ஈசிஜி எடுத்தார்கள். முழு ஹார்ட் பிளாக் என்றார் மருத்துவர். அவர் விளக்கியதை நம் பள்ளி மணியை வைத்தே சொல்கிறேன்.

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்று ஒன்று உண்டு. அதுதான் மணி. அது எழுப்பும் மின்துடிப்பு மேலறைகளைச் சுருங்க வைத்துவிட்டு, ஏவி கணு என்ற ஒரே வாசல் வழியாகக் கீழே இறங்கும். மேலறைகளின் இரத்தம் கீழறைகளுக்கு இறங்க நேரம் வேண்டுமல்லவா? அதற்காக அங்கே நொடியில் பத்தில் ஒரு பங்கு நிற்கும். பிறகு கம்பிகள் போன்ற கிளைகளில் ஓடிக் கீழறைகளை அடையும். என் இதயத்தில் மணி சரியாகவே அடித்தது. கீழ்த்தள வகுப்புகளுக்குக் கேட்கவில்லை. அவை தம் போக்கில் மெதுவாக ஒரு மணியை அடித்துக்கொண்டிருந்தன. அதுதான் அந்த 38.

"சர்க்கரையாலா டாக்டர்?" என்று கேட்டேன். "வயதுக்கும் பங்கு உண்டு சார். சர்க்கரை மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம்" என்றார். இரத்தத்தில் பல ஆண்டுகள் சர்க்கரை மிகுந்திருந்தால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடும். இதயத் தசைக்கு நடுவே தழும்பு போல நார் படியும். அதன் வழியே மின்துடிப்பு சரியாகப் போகாது. இதயத்துக்கு வரும் நரம்புகளும் பழுதாகலாம். அப்படியானால் மாரடைப்பு வந்தாலும் சிலருக்கு வலி தெரியாது. இதைக் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. நெஞ்சு வலி இல்லை என்பதைத்தானே இத்தனை ஆண்டுகளாக நற்சான்றிதழ் போல வைத்திருந்தேன்! சர்க்கரை மிகவும் இறங்கினாலும் இதயத்துடிப்பின் ஒழுங்கு கெடலாமாம். ஆக, ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து.

மறுநாள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். கீழறைக்கு மணி கேட்கச் செய்யும் வேலையை இப்போது அது பார்க்கிறது. சில வாரங்களுக்கு இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. பாயசம் போயே போய்விட்டது.

உங்களில் பலருக்கு இப்போது 40, 50 வயது. சர்க்கரை உள்ளவர்கள் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எப்போதெல்லாம் ஈசிஜி எடுக்க வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு, தவறாமல் எடுங்கள். தலை சுற்றினால் சர்க்கரையையும் பாருங்கள், நாடியையும் எண்ணுங்கள். மயக்கத்துடன் நாடியும் குறைந்திருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாதவர்களை நான் சும்மா விட்டதில்லை. 18 ஆண்டுகளாக வீட்டுப்பாடம் செய்யாத மாணவன் நான். பேத்தியிடம் மாட்டிக்கொண்டேன், பிழைத்தேன்.

இன்றே ஒரு நிமிடம் உட்கார்ந்து உங்கள் நாடியை எண்ணிப் பாருங்கள். அதுதான் இன்றைய வீட்டுப்பாடம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்