ஓட்டு வீட்டுக்கு ஒரு ரூட்டர்

மஞ்சள் காட்டுக்குக் களை எடுக்க ஆள் கிடைக்காத கதையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். பத்து நாளாக எங்க வீட்டில் பேச்செல்லாம் ரூட்டரைப் பற்றித்தான். கோபிக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள்ளே குடியிருக்கிற விவசாயிக்கு ரூட்டரில் என்ன வேலை என்று சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து படிக்கிறவர்கள் கேட்கலாம். இருக்குதுங்க.

பிரசவத்துக்கு வந்த மகளுக்கு 26 வார லீவு முடிந்துவிட்டது. இன்னும் நாலு மாதம் ஊரில் இருந்தே வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள். ஆனால் நெட் ஒழுங்காக இருக்க வேண்டும், மீட்டிங் நடுவில் காணாமல் போகக் கூடாது, ரெண்டு வாரம் பார்ப்போம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். சரிப்படவில்லை என்றால் பேரனைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் கிளம்ப வேண்டும். மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர். உட்காரப் பழகுகிற குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே முன்பின் தெரியாத ஆளைத் தேட வேண்டும். இங்கே அம்மிச்சி இருக்கிறாள், அப்பிச்சி நான் இருக்கிறேன். பெரிய தடையாக நின்றது நெட் ஒன்றுதான்.

ஃபைபர் லைன் எங்க வீட்டுக்கு வந்து ஒன்றரை வருசம் ஆகிறது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகிற பாரத்நெட் வேலை ஒரு பக்கம் நடக்கிறது. எங்களுக்கு வந்தது அது இல்லை, உள்ளூர் கேபிள்காரர் மூலமாக வந்த தனியார் லைன். கம்பத்தில் இருந்து இழுத்து, திண்ணைச் சுவரில் ஒரு வெள்ளை பாக்ஸை மாட்டி, 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டுக் கொடுத்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து யூடியூப் பார்க்கிற எனக்கு அது தாராளம். மகள் வேலை பார்க்க எடுத்துக்கொண்டதோ வீட்டின் கடைசியில் இருக்கும் உள் ரூம். தொட்டில் அங்கேதான் கட்டியிருக்கிறது, சத்தமும் கம்மி. அங்கே போய் அளந்தால் 6 எம்பிபிஎஸ். அதுவும் நிற்பதில்லை. ஒரு நிமிசம் 6, அடுத்த நிமிசம் ஒன்று, அப்புறம் வட்டம் சுற்றும்.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பக்கத்துத் தோட்டத்து மாமா, கம்பெனியை மாத்திருங்க என்றார். மாப்பிள்ளை போனில் மெஷ் வாங்கச் சொன்னார். கோபியில் ஒரு கடைக்காரத் தம்பி ஆறு ஆன்டெனா வைத்த ஒன்றை எடுத்து வைத்தார். பார்க்க கவிழ்த்துப் போட்ட நண்டு மாதிரி இருந்தது. விலை 11,500.

“ஏனுங்க, இது மூணு மாடி வரைக்கும் அடிக்குமுங்க.”

“எங்க வீட்ல மாடியே இல்லீங்க தம்பி. மண்ணுச் சுவருதான்.”

தம்பிக்கு அதில் என்ன வித்தியாசம் என்று புரியவில்லை. வாங்காமல் வந்துவிட்டேன்.

மோட்டாரை மாற்றுவதற்கு முன்னால் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, பைப்பு எவ்வளவு என்று பார்க்கிற பழக்கம் நமக்கு உண்டு. அதையேதான் இங்கேயும் செய்தோம். மகள் லேப்டாப்பைத் திண்ணைக்கு எடுத்து வந்து, வைஃபையை அணைத்துவிட்டு, பாக்ஸிலேயே நேராக லேன் வயரைச் சொருகினாள். 94 வந்தது. இன்னொரு தடவை பார்த்தாலும் 94. மூணாவது தடவையும் 94.

இந்த 94ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 200க்குப் பணம் கட்டி எப்போது பார்த்தாலும் தொண்ணூத்தி சொச்சத்திலேயே நின்றால், வழியில் எங்கேயோ 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் விடாத ஒரு வாசல் இருக்கிறது என்று அர்த்தம். எங்க பாக்ஸில் வயர் சொருக ரெண்டு ஓட்டை. ஒன்று ஜிகாபிட், இன்னொன்று பழைய 100. வெளியில் பார்த்தால் ரெண்டும் ஒரே மாதிரிதான். மாற்றிச் சொருகினதும் 203 வந்தது. அப்படியானால் கம்பெனி மேல் குற்றம் இல்லை, லைன் சரியாக இருக்கிறது. வயருக்குள் எட்டுக் கம்பி இருக்கும். அதில் நாலை மட்டும் மாட்டி விட்டிருந்தாலும் இதே 100க்குள் நின்றுவிடும். சில பேர் அப்படி மாட்டுவதும் உண்டு.

அடுத்தது காற்றில் வருவது. பாக்ஸில் இருந்த வைஃபை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும். அது கொஞ்சம் தூரம் போகும், சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். அபார்ட்மென்ட்டில் இருக்கிறவர்களுக்கு 2.4இல் வேறு தொல்லை. அதில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல் மூன்றுதான், 1, 6, 11. சுற்றிலும் இருக்கிற முப்பது வீட்டு வைஃபையும் அந்த மூன்றுக்குள் முட்டிக்கொண்டு நிற்கும். எங்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அடுத்த வீடு நானூறு அடிக்கு அந்தப் பக்கம். இங்கே தடை எங்க அப்பாரு கட்டின சுவர். மண்ணும் கல்லும் வைத்த ஒன்றரை அடிச் சுவர், திண்ணைக்கும் உள் ரூமுக்கும் நடுவில் அப்படி மூன்று. போதாததற்கு நெல் கொட்டி வைத்த தகர டிரம் நாலு, இரும்பு பீரோ ஒன்று. மழை பெய்து சுவரில் ஈரம் ஏறினால் சிக்னல் இன்னும் படுத்துவிடும். சித்திரை வெயிலில் குளிர்ச்சியாக இருக்கிற வீடு என்று பெருமையாகச் சொல்லுவோம். சூட்டைத் தடுக்கிற சுவர் வைஃபையை மட்டும் விட்டுவிடுமா?

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீடியோ மீட்டிங்குக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். 6 வருகிற இடத்தில் ஏன் அறுந்தது? வேகம் பத்தாமல் இல்லை, ஒரே சீராக வராததால்தான். யூடியூப் கொஞ்சம் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும், அதனால் விட்டு விட்டு வந்தாலும் தெரியாது. பேச்சை முன்கூட்டி இறக்க முடியாது. அரை நொடி நின்றாலும் வாய் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம்.

ஆக, பெரிய ரூட்டரைத் திண்ணையில் மாட்டி அங்கிருந்து வீடு முழுக்க அடிக்க வைப்பது எங்களுக்கு ஆகாது. ஆறு ஆன்டெனா இருந்தாலும் அந்த மூன்று சுவரைத்தான் தாண்ட வேண்டும். எக்ஸ்டெண்டர் என்று ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பது வாங்கினதையே திருப்பிச் சொல்லும், அதிலேயே பாதி வேகம் போய்விடும். மெஷ் நல்லதுதான். ஆனால் ஒன்றுக்கொன்று காற்றிலேயே பேசுகிற மெஷ்ஷுக்கும் அதே சுவர். நடுவில் வயர் கொடுத்தால் சரியாகும். வயர் கொடுப்பது என்று ஆகிவிட்டால் சாதாரண ரூட்டரே போதுமே என்று மகள் சொன்னாள். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

வாங்கும்போது நாங்கள் முக்கியமாகப் பார்த்தது பின்பக்கத்து வாசல்களை. ஏசி1200 என்று பெட்டி மேல் பெரிதாகப் போட்டிருக்கும். அது 2.4இல் 300, 5இல் 867, ரெண்டையும் கூட்டி எழுதினது. உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்கும். அதே பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 10/100 என்று இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், 200 பிளானுக்கு அது ஆகாது. 10/100/1000 என்றோ ஜிகாபிட் என்றோ இருக்க வேண்டும். மகளின் லேப்டாப்பில் வைஃபை 6 இருக்கிறது, அதனால் வைஃபை 6 ரூட்டர், ஏஎக்ஸ்1500 என்கிற வகை. 3,200 ரூபாய். வைஃபை 7 எல்லாம் வந்துவிட்டதாம். அதை வாங்கிக்கொள்ள வீட்டில் எந்த போனும் தயாராக இல்லை.

வயர் இழுத்த கதைதான் பெரிசு. ஃபைபரையே உள் ரூம் வரை நீட்டிவிடலாமா என்று கேபிள்காரத் தம்பியிடம் கேட்டேன். “நீட்டலாமுங்ண்ணா. ஆனா ஓட்டுக்கு அடியில எலி ஓடுது பாருங்க. கடிச்சா கண்ணாடி இழை, ஒட்டறதுக்கு மெசினோட நான்தான் வரணும்” என்றான். நெல் இருக்கிற வீட்டில் எலி இல்லாமல் இருக்குமா. அதனால் ஃபைபர் திண்ணையோடு நின்றது. அங்கிருந்து கேட்6 வயர், 22 மீட்டர், முழுக்க பிவிசி பைப்புக்குள் விட்டு, உத்தரத்தை ஒட்டியே கொண்டுபோனோம். 100 மீட்டர் வரைக்கும் வேகம் குறையாது என்பதால் தூரம் பிரச்சினை இல்லை. எட்டுக் கம்பியும் மாட்டச் சொல்லி பக்கத்திலேயே நின்றேன். வயருக்கும் பைப்புக்கும் 1,400 ஆச்சு.

புது ரூட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் போட்டாள். அதாவது கணக்கு வழக்கெல்லாம் திண்ணை பாக்ஸே பார்த்துக்கொள்ளும், இது வைஃபை மட்டும் கொடுக்கும். ரெண்டு கணக்குப்பிள்ளை இருந்தால் சண்டை என்று விளக்கம் சொன்னாள்.

மிச்சம் இருந்தது கரண்ட். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறுகிற அந்தக் கண நேரத்தில் பாக்ஸ் அணைந்து எரியும், மறுபடி நெட் பிடிக்க ரெண்டு மூன்று நிமிசம். இதற்கென்றே கையடக்கமாக மினி யுபிஎஸ் வருகிறது. ரெண்டு இடத்துக்கு ரெண்டு, 2,600. அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப் என்று பார்த்து வாங்க வேண்டும், எங்களுடையது ரெண்டும் 12 வோல்ட். வழியில் கம்பத்தில் இருக்கிற ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம், வெளிச்சத்தைப் பிரித்து விடுவது மட்டும்தான் அதன் வேலை. கேபிள் ஆபீசில் பேட்டரி இருக்கிற வரைக்கும் ஊரே இருட்டாக இருந்தாலும் நெட் வரும்.

எல்லாம் சேர்த்து 7,200. உள் ரூமில் இப்போது 180க்குக் குறையவில்லை. வாசல் தாண்டி வெளி நடையில் 60. செவ்வாய்க்கிழமை மீட்டிங் நடுவில் கரண்ட் போனது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எட்டிப் பார்த்தேன். மடியில் பேரன், காதில் மாட்டினபடி பேசிக்கொண்டே இருந்தாள். முடித்துவிட்டு வெளியே வந்து, “ஏப்பா, ஃபேன் ஏன் நின்னுச்சு?” என்றாள்.

ரெண்டு வாரத்தில் எட்டு நாள் போயிருக்கிறது, இது வரைக்கும் ஒரு புகார் இல்லை. பக்கத்துத் தோட்டத்து மாமா வந்து பைப்பு போன வழியைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் வீடு கான்கிரீட், அவருக்கு எது சரி வரும் என்று அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எனக்குக் கட்டுத்தறி வரைக்கும் ஒரு கேமரா போட ஆசை, சினை மாடு ரெண்டு இருக்கிறது. அங்கே இன்னும் ஒரு புள்ளிகூட வரவில்லை. மஞ்சள் களை முடியட்டும், இன்னொரு வயர் இழுக்கலாம்.