அப்ரண்டிஸ்னா அவ்வளவு இளக்காரமா?

புனேயில் பிம்ப்ரி, போசரி, சாக்கன் பக்கம் பேங்க் கிளைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் பழக்கமாகியிருக்கும். ஜூலை, ஆகஸ்ட் வந்தால் சாம்பல் நிறச் சட்டையும் கனமான சேஃப்டி ஷூவும் போட்ட ஒரு பட்டாளம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து நேராக கவுண்டருக்கு வந்து நிற்கும். எல்லாம் இருபது வயதுப் பையன்கள். கம்பெனி அப்ரண்டிஸ்கள். ஸ்டைபண்ட் போட அக்கவுண்ட் வேண்டும். ஆதார் கார்டில் பாதிப் பேருக்குத் தேனி, தர்மபுரி, விருதுநகர் என்று இருக்கும். நான் தமிழில் பேசியதும் முகம் மலரும் பாருங்கள், அதற்காகவே லஞ்சைத் தள்ளிப்போடலாம்.

அந்தப் பாரத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே வந்ததும் பேனா நின்றுவிடும். "சார், ஸ்டூடண்ட்னு போடறதா, வேலைன்னு போடறதா?"

சின்னக் கேள்விதான். ஆனால் இந்தப் பையன்களின் மொத்தப் பிரச்சினையும் அதற்குள்தான் இருக்கிறது. 1961ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டம் தெளிவாகச் சொல்கிறது, 18ஆம் பிரிவில்: அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. அதனால்தான் பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது, ஒப்பந்தம் முடிந்ததும் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தொழிலாளிக்கு உள்ள எதுவும் இல்லையென்றால், மாணவனுக்கு உள்ளதாவது கிடைக்க வேண்டும் இல்லையா? அதாவது படிப்பு. அது கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதை நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தெரிந்துகொள்ளவில்லை. என் அக்கா பையன் ஒரு வருஷம் எங்கள் வீட்டில் தங்கி அப்ரண்டிஸாக இருந்தான். அப்போது பார்த்ததுதான்.

சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். 2015ல் பத்தாவது முடித்தான். மார்க் சுமார். மெஷின் என்றால் மட்டும் கண் விரியும், தோட்டத்து மோட்டாரைக் கழற்றிப் பூட்டுவான். சாண்ட்விச் டிப்ளமோவில் சேர்க்கலாம் என்று சொன்னேன். பேரைக் கேட்டு சிரிக்காதீர்கள், ரொட்டிக்கு நடுவில் காய் வைப்பது மாதிரி படிப்புக்கு நடுவில் வேலையை வைப்பதால் அந்தப் பெயர். சாதாரண டிப்ளமோ மூன்று வருஷம், இது மூன்றரை வருஷம். நாலாவது செமஸ்டரும் ஏழாவது செமஸ்டரும் முழுக்க கம்பெனியில் பயிற்சி.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "ஏந் தம்பி, ஊர்ல இருக்கற பசங்கெல்லாம் ப்ளஸ் டூ முடிச்சு பி.இ. சேரப் போறாங்க. இவன மட்டும் பட்டறைக்கு அனுப்பச் சொல்றியா? நீ மட்டும் பேங்க்ல ஏசில உக்காந்துக்குவ!"

நான் பி.காம். எனக்குத் தெரிந்தது கணக்குதான். எஜுகேஷன் லோன் ஃபைல்கள் தினமும் பார்ப்பவன். நாலு லட்சம் கடன், பத்தரை சதவீத வட்டி, ஏழு வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 6750 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. பி.இ. முடித்த பிறகும் பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் சேர்ந்து பாதியைத் தவணைக்குக் கட்டுகிற பையன்களை எனக்குத் தெரியும். பி.இ. வேண்டாம் என்று சொல்லவில்லை, கையில் தொழிலோடு போய்ப் படிக்கட்டும் என்றுதான் சொன்னேன். மச்சான் பக்கம் கொஞ்சம் யோசித்தார், சரியென்றார்.

முதல் பயிற்சி கோவையில் ஒரு பம்ப் கம்பெனி. ஆறு மாதம் பஸ்ஸில் போய் வந்தான். கையெல்லாம் கிரீஸ், வீட்டுக்கு வந்ததும் தூக்கம். ஆனால் அஞ்சாவது செமஸ்டரில் திரும்பவும் காலேஜில் உட்கார்ந்தபோது ஒரு மாற்றம் வந்தது என்றான். "மாமா, மொதல்ல டாலரன்ஸ்னா புக்குல ஒரு நம்பர். இப்ப அது தப்புனா ஷாஃப்ட் பேரிங்குக்குள்ள போகாதுன்னு தெரியும்." இதைவிட நன்றாக அந்தப் படிப்பை யாராலும் விளக்க முடியாது என்று நினைக்கிறேன்.

2018 கடைசியில் டிப்ளமோ கையில் வந்தது. 2019 பிப்ரவரியில் குர்லா எக்ஸ்பிரஸ் பிடித்து புனே வந்தான். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஒரு வருட டெக்னீஷியன் அப்ரண்டிஸ். இந்த டிப்ளமோ, டிகிரிக்காரர்களுக்கான ஏற்பாடு 1973ல் சட்டத்தைத் திருத்தியபோது வந்தது. அதற்கு முன் ஐ.டி.ஐ. வகைத் தொழில்களுக்கு மட்டும்தான். அப்போது டிப்ளமோவுக்குச் சட்டப்படி குறைந்தபட்ச ஸ்டைபண்ட் மாதம் 3542 ரூபாய். அவன் கம்பெனி கூடவே கொடுத்தது, ஆறாயிரம். 2019 செப்டம்பரில் அரசு குறைந்தபட்சத்தையே டிப்ளமோவுக்கு 8000, டிகிரிக்கு 9000 என்று உயர்த்தியது. பாஸ்புக்கில் அந்த வரியைப் பார்த்துவிட்டு எங்கள் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கி வந்தான்.

தினமும் அஞ்சே முக்காலுக்கு நிக்டி சாலை முனையில் கம்பெனி பஸ். என் மனைவி நாலரைக்கு எழுந்து டப்பா கட்டுவாள். (கேண்டீன் இருக்கிறது, ஆனால் தினமும் உசல், போளி சாப்பிட அவனால் முடியவில்லை.) ஷாப் ஃப்ளோரில் அவனுக்குப் பெயர் 'ஷிகாவூ'. மராத்தியில் அப்ரண்டிஸை 'ஷிகாவூ உமேத்வார்' என்பார்கள், கற்றுக்கொள்பவன் என்று அர்த்தம். நம் அரசு தமிழில் வைத்திருக்கும் பெயர் இன்னும் அழகு: தொழில் பழகுநர். பழகுகிறவன். பெயரெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது!

முதல் ரெண்டு மாதம் பிரெஸ் ஷாப், அப்புறம் குவாலிட்டி. வெர்னியர், மைக்ரோமீட்டர், கோ நோ-கோ கேஜ் என்று ராத்திரி சாப்பிடும்போது எனக்கே பாடம் நடக்கும். மே மாதம் திடீரென்று பேச்சு குறைந்தது. கேட்டால் "ஒண்ணுமில்ல மாமா." ஒரு ஞாயிற்றுக்கிழமை தேகு ரோடு முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போதுதான் வாயைத் திறந்தான். டிஸ்பேட்சில் ஆள் குறைவாம். அவனையும் இன்னும் மூணு பேரையும் அங்கே போட்டுவிட்டார்கள். பெட்டியில் லேபிள் ஒட்டுவது, டிராலி தள்ளுவது. ஒரு மாதமாக இதுதான். "மாமா, மூணரை வருஷம் படிச்சது பசை தடவறதுக்கா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கம்பெனிக்குப் போய்ச் சண்டை போடுகிற ஆள் நான் இல்லை, போட்டாலும் பையனுக்குத்தான் கஷ்டம். பேங்க்காரனுக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் பேப்பர். "உன் காண்ட்ராக்ட் எங்கடா?" என்றேன். எடுத்து வந்தான். மும்பையில் இருக்கும் அப்ரண்டிஸ்ஷிப் டிரெய்னிங் போர்டில் பதிவான ஒப்பந்தம். கூடவே பயிற்சித் திட்டம்: எந்தெந்த செக்‌ஷனில் எத்தனை வாரம் என்று. அதில் டூல் ரூம் இருந்தது, மெயின்டனன்ஸ் இருந்தது. டிஸ்பேட்ச் இல்லை.

மூணு மாதத்துக்கு ஒரு தடவை பயிற்சி முன்னேற்ற அறிக்கை போர்டுக்குப் போகவேண்டும். அப்ரண்டிஸ் தினமும் என்ன செய்தான் என்று டைரி எழுத வேண்டும். பெரும்பாலான பையன்கள் கடைசி நாளில் உட்கார்ந்து, பக்கத்து ஆளைப் பார்த்து மொத்தமாக நிரப்பிவிடுவார்கள். இவனிடம் ஒன்றுதான் சொன்னேன். "புகார் எழுதாதே. நடந்ததை மட்டும் எழுது."

எழுதினான். 'லேபிள் ஒட்டினேன், 340 பெட்டி.' மறுநாள், 'லேபிள் ஒட்டினேன், 310 பெட்டி. டிராலி 22.' இப்படியே இருபத்தேழு வேலைநாள். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு குறை இல்லை. அறிக்கை அனுப்பும் நேரத்தில் டிரெய்னிங் ஆபீசர் முன்னால் கையெழுத்துக்கு வைத்தான். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினாராம். பேனாவை எடுத்தவர் மூடி வைத்துவிட்டு, "இதை எப்படி நான் அனுப்புவது?" என்று கேட்டாராம். இவன் இந்தி சுமார். "சார், ஜோ கியா வோ லிக்கா" என்று மட்டும் சொன்னானாம். செய்ததைத்தான் எழுதியிருக்கிறேன் என்று.

அடுத்த திங்கட்கிழமை நாலு பேரும் டூல் ரூமுக்கு மாற்றப்பட்டார்கள்.

அங்கே ஒரு வயதான மராத்திக்காரர், ரிட்டயர்மெண்டுக்கு ரெண்டு வருஷம் பாக்கி. எல்லோருக்கும் காகா. முதல் பதினைந்து நாள் மெஷினைத் தொடவே விடவில்லை, அரத்தைக் கையில் கொடுத்து ஒரு இரும்புக் கட்டையை நாலு பக்கமும் சமமாக ராவச் சொன்னார். தட்டைப் பரப்பா என்று ஸ்ட்ரெயிட் எட்ஜை வைத்து வெளிச்சத்தில் பார்ப்பார். கீற்று வெளிச்சம் தெரிந்தால் மறுபடி. பையன் கை கொப்பளித்துப்போய் வந்தான், ஆனால் முகத்தில் பழைய களை வந்துவிட்டது. அந்த டூல் ரூமில் கற்றதுதான் இன்றுவரை அவனுக்குச் சோறு போடுகிறது.

2020 பிப்ரவரியில் வருஷம் முடிந்தது. கம்பெனி எடுத்துக்கொள்ளவில்லை. கேட் பாஸை வாங்கிக்கொண்டு கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். ஊருக்குப் போன அடுத்த மாதம் லாக்டவுன். ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருந்தான், அக்கா எனக்குப் போன் செய்வதையே குறைத்துக்கொண்டாள். 2021ல் கோவையில் ஒரு கம்பெனி டூல் ரூமுக்கு ஆள் எடுத்தபோது, போர்டு கொடுத்த சான்றிதழையும் அந்த டைரியையும் கொண்டுபோனான். ஒரு வருஷ அனுபவம் என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். இப்போது பகல் வேலை, மாலையில் பகுதிநேர பி.இ. கோவையில் வேலை பார்க்கும் டிப்ளமோக்காரர்களுக்கு அந்தப் படிப்பு பல வருஷமாகவே இருக்கிறது. பீஸ் அவனே கட்டுகிறான். கடன் இல்லை. கல்யாண வீடுகளில் அக்கா "பையன் பி.இ. படிச்சுட்டிருக்கான்" என்று மட்டும் சொல்கிறாள். டூல் ரூமைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை :-)

நிற்க. வெளியூரில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பத்தாவது, பன்னிரண்டாவதுக்கு அப்புறம் என்ன என்று யோசிப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

ஒன்று, ஒப்பந்தம் பதிவானதா என்று பாருங்கள். 'டிரெய்னி' என்று ஏஜென்சி லெட்டர்ஹெட்டில் கொடுக்கும் கடிதம் அப்ரண்டிஸ்ஷிப் ஆகாது. முப்பது பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் முறையான இடங்கள் கிடைக்காமல் இல்லை.

இரண்டு, ஆதாரை எந்த அக்கவுண்டோடு கடைசியாக இணைத்தீர்கள் என்று பாருங்கள். 2024லிருந்து மத்திய அரசின் நாட்ஸ் திட்டத்தில் அரசின் பங்கு நேராகப் பையன் கணக்குக்கு வருகிறது. அது பாரத்தில் எழுதிய கணக்குக்குப் போகாது, ஆதார் கடைசியாக இணைந்த கணக்குக்குத்தான் போகும். ஊரில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த பழைய கணக்கில் பணம் கிடக்க, இங்கே பையன் பட்டினி கிடந்த கதை எனக்குத் தெரியும்.

மூன்று, சட்டத்தில் பாதுகாப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். வேலையிடத்தில் அடிபட்டால் இழப்பீடு உண்டு, அது 16ஆம் பிரிவு. அப்ரண்டிஸ்ஷிப் அட்வைசர் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் செய்யச் சொல்லக்கூடாது, அது 15ஆம் பிரிவு. "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று நாமே பிள்ளைகளிடம் சொல்லிவிடக்கூடாது.

நான்கு, தொகையை மட்டும் விசாரிக்காதீர்கள். 2025 மே மாதம் ஸ்டைபண்டை 36 சதவீதம் கூட்ட மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் பரிந்துரைத்தது, நல்ல விஷயம்தான். ஆனால் பையன் போன் பண்ணும்போது "எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்பதோடு "இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட?" என்றும் கேளுங்கள். தொடர்ந்து ஒரு வாரம் பதில் வரவில்லையென்றால், டைரியை எடுக்கச் சொல்லுங்கள்.