காதா, கம்ப்யூட்டரா?

ஒரு வாரமாக கம்ப்யூட்டரில் 'பிரியா' படப் பாட்டு போட்டால் வாத்தியமெல்லாம் கேட்கிறது. ஜேசுதாஸ் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. "வயசு 74 ஆச்சு, உங்க காதுதான்" என்றாள் மனைவி. புதுச்சேரி பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு 'திக்தே'யை ஒரு எழுத்து தப்பாமல் எழுதிய காது! பயத்தில் இரண்டு நாள் பாட்டே போடவில்லை.

மூன்றாம் நாள் அதே ஹெட்ஃபோனை செல்போனில் மாட்டினேன். குரல் கணீரென்று வந்தது!

கம்ப்யூட்டர் துளையில் தூசி. பின் முழுதாக உள்ளே போகவில்லை. அப்படி எர்த் விட்டுப்போனால், இரண்டு பக்கமும் சமமாக வரும் குரல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பக்கத்துக்குப் பக்கம் வேறுபடும் வாத்தியம்தான் மிஞ்சும்.

கம்ப்யூட்டரை அணைத்து, தூசியை எடுத்து, பின்னை அழுத்தினேன். ஜேசுதாஸ் திரும்பி வந்தார்.

ஆயுசு முழுக்க ஃபைல் பார்த்தவன், விசாரிக்காமலே என் காதின் மேல் குற்றம் எழுதிவிட்டேனே!