பார்வைக்குப் பின்னால் இருப்பவர்கள்

பல்கலைக்கழகத்தில் ஆப்டோமெட்ரி படிக்கிறேன் என்று சொன்னால், "கண் டாக்டருக்கா?" என்று ஆவலோடு கேட்பார்கள். இல்லை என்றதும், "அப்போ கண்ணாடிக் கடையா?" என்பது அடுத்த கேள்வி. டாக்டர், இஞ்சினியர், வழக்கறிஞர் என்று மூன்று கதவுகளை மட்டுமே தட்டிப் பழகிய நம் சமுதாயத்தில் இது புதிதல்ல. நான் தேர்ந்தெடுத்த துறையின் மதிப்பை எனக்கு முழுமையாக உணர்த்தியவர்கள் மதுரையில் சந்தித்த கிராமத்துப் பெண்கள்.

2023-ஆம் ஆண்டு நீண்ட விடுமுறையில் நான்கு வாரங்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் பார்வையாளராக இருந்தேன். டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கைகளால் ஆயிரக்கணக்கான அறுவைச் சிகிச்சைகள் செய்த அந்தப் பெரியவரைப் பற்றிப் பலரும் அறிவர். ஆனால் அங்கே அன்றாட வேலையின் பெரும்பகுதியைச் சுமப்பவர்கள், பிளஸ் டூ முடித்துக் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள் என்பதை நான் நேரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவர்களுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி. உதவித்தொகையும் உண்டு. முதலில் கண்ணின் அமைப்பு, நோய்கள், நோயாளியிடம் பேசும் முறை ஆகியவற்றைக் கற்கிறார்கள். பிறகு பார்வைப் பரிசோதனை, அறுவை அரங்கு, வார்டு, ஆலோசனை என ஒவ்வொருவருக்கும் ஒரு பிரிவு ஒதுக்கப்படுகிறது. மூத்தவர்களின் பக்கத்தில் நின்று செய்தே பழகுகிறார்கள்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு தங்கை ரெட்டினாஸ்கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினாள். "பாப்பாக்குள்ள தெரியிற வெளிச்சம் நம்ம வெளிச்சத்தோட சேந்து நகருதா, எதுத்து நகருதான்னு பாருங்கக்கா. லென்ஸை மாத்திக்கிட்டே வாங்க. அசையாம நின்னுச்சுன்னா அதுதான் கணக்கு." எங்கள் விரிவுரையில் ஒரு மணி நேரம் எடுத்த பாடம் அது!

இன்னொரு அறையில் கண்புரை நோயாளிகளின் கண்ணின் நீளத்தை அளந்துகொண்டிருந்தார்கள். அந்த அளவில் 1 மில்லிமீட்டர் பிசகினால், உள்ளே பொருத்தும் லென்ஸின் சக்தி ஏறக்குறைய இரண்டரை டயாப்டர் மாறிவிடும். அறுவைச் சிகிச்சை எவ்வளவு நேர்த்தியாக நடந்தாலும் நோயாளிக்குத் தெளிவான பார்வை கிடைக்காது. மருத்துவரின் கைத்திறன், அந்த இருபது வயதுப் பெண்ணின் கவனத்தை நம்பி நிற்கிறது.

அப்போது என் பாட்டியை நினைத்துக்கொண்டேன். சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். கண் அழுத்த நோய் அவர் பார்வையை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. வலியில்லை, சிவப்பில்லை. வாசற்படி தடுக்கத் தொடங்கியபோது "வயசாயிருச்சு" என்று அவரே சொல்லிக்கொண்டார். பட்டணத்து மருத்துவமனைக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது. அந்நோயில் இழந்த பார்வை திரும்புவதில்லை. கண்ணின் அழுத்தத்தை அளக்கவும் நரம்பைப் பார்க்கவும் சில நிமிடங்கள் போதும். பாட்டிக்கு அதைச் செய்ய யாரும் அருகில் இருக்கவில்லை.

மதுரைப் பெண்களின் பயிற்சியும் என் பட்டப்படிப்பும் ஒன்றல்ல. நம் நாட்டில் 1991-ஆம் ஆண்டு ஒளியியல் சட்டப்படி பதிவு செய்துகொண்டவர்களே இத்தொழிலைச் செய்ய முடியும். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் வேறு சில அரசாங்க, தனியார்க் கழகங்களிலும் இதற்கான படிப்பு உண்டு. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பொறுமையான கண்ணும் பிசகாத கையும்.

அன்பு நண்பர்களே, மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை என்று மனமுடைந்து நிற்கும் தம்பி தங்கைகள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் இத்துறையைப் பற்றிப் பேசுங்கள். நாற்பதைத் தாண்டிய உங்கள் பெற்றோரை, கண் நன்றாகத் தெரிகிறது என்று அவர்கள் சொன்னாலும், இந்த விடுமுறையில் ஒருமுறை கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.