பன்னிரண்டு கடம்பம் பூக்கள்

பிறந்த அன்று ஒரு காடைக் குஞ்சின் எடை 7, 8 கிராம்தான். பொரிப்பகத்தில் செருப்புப் பெட்டி ஒன்றில் 12 குஞ்சுகளை எண்ணிப் போட்டு, மூடியில் ஆணியால் துளை குத்திக் கொடுத்தார்கள். நாமக்கல்லில் பேருந்து ஏறி ஈரோடு வந்து இறங்கும்வரை மடியில் பெட்டி இருக்கிற பாரமே தெரியவில்லை. கத்தல் மட்டும் ஓயாமல் கேட்டுக்கொண்டு வந்தது. வீட்டில் மூடியைத் திறந்தேன். மூலையில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு மஞ்சள் மஞ்சளாய் உருண்டைகள். முதுகில் பழுப்புக் கோடு, நுனியெல்லாம் சிலிர்த்த மென்மயிர். எப்போதோ படித்த ஓர் உவமை அந்த நொடியில் கண்ணெதிரே உயிரோடு நின்றது. மூன்று மாதம் ஆகிறது. இன்னும் அது என்னை விடவில்லை.

பெரும்பாணாற்றுப்படை 500 அடிப் பாட்டு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை வழிகாட்டி அனுப்புகிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். போகிற வழியில் முல்லை நிலத்துப் புன்செய் ஒன்று வருகிறது. பலமுறை உழுது, களை கொத்தி விளைவித்த கொல்லை. அங்கே அறுவடைக்கு ஆள் இறங்குகிறார்கள். அரிவாள் சத்தத்தில் குறும்பூழ் வெருண்டு ஓடுகிறது. பூழ், குறும்பூழ் என்பவை காடைக்கு அன்றைய பெயர்கள். குட்டைக் காலும் கறுத்த கழுத்துமாக அந்தப் பறவை தன் குஞ்சுகளைத் தழுவிக்கொண்டு காட்டுக்குள் போய் அடைகிறது. அந்தக் குஞ்சுகளைத்தான் கடம்பம் பூவைப் போன்றவை என்கிறார் புலவர். கடம்பம் பூவைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பந்து போல் உருண்டை, மஞ்சள் நிறம், மேலே நுண்ணிய ஊசிகளாக வெளுத்த நுனிகள். பிறந்து ஒரு நாளான காடைக் குஞ்சுக்கு உலகத்தில் வேறு உவமை கிடையாது. அரசனைப் பாட வந்த பாட்டில், பரிசிலுக்குப் போகிற அவசரத்தில், அறுத்த தாளடியில் ஓடிய உள்ளங்கையளவு குஞ்சைக் குனிந்து பார்த்திருக்கிறார் அந்த மனிதர்.

கறுத்த கழுத்து என்ற சொல்லில் பல நாள் நின்றேன். நம் புன்செய்களில் மழைக்காலத்தில் கத்தும் காடையில் மார்பும் கழுத்தடியும் கறுத்திருப்பது சேவலுக்கு. அந்த இனத்தில் குஞ்சைக் காப்பது பெட்டை. கால்விரல் மூன்றே உள்ள இன்னொரு சிறு பறவையையும் நம் ஊரில் காடை என்றுதான் சொல்கிறோம். அதில் கழுத்து கறுத்தது பெட்டை. ஆனால் அங்கே அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது சேவல். இரண்டிலும் கறுத்த கழுத்துக்காரர் தழுவுகிறவர் அல்ல. பறவை நூல் கணக்குக்கு இது ஒட்டாது. எனக்கு அதில் குறையில்லை. அரிவாள் வந்த கலவரத்தில் குடும்பமே சிதறி ஓடும்போது, கறுப்புக் கழுத்தையும் மஞ்சள் குஞ்சையும் ஒரே வீச்சில் கண்ட கண் அது.

என் 12 பூக்களுக்குத் தழுவத் தாய் இல்லை. 60 வாட் குண்டு பல்புதான் தாய். அட்டைப் பெட்டியின் ஒரு ஓரத்தில் தொங்கவிட்டேன். முதல் வாரம் 35 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். வெப்பமானி வாங்கியிருந்தேன். ஆனால் குஞ்சுகளே நல்ல வெப்பமானி. பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர். ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. பெட்டி முழுக்கப் பரவிக் கண்ட இடத்தில் விழுந்து தூங்கினால் சரி. குஞ்சுகள் இப்படிக் காலை நீட்டி, தலையைச் சாய்த்து, செத்தது போலத் தூங்கும். முதல் இரவு அதைப் பார்த்துப் பதறி மூன்று முறை எழுந்து தொட்டுப் பார்த்தேன்.

செய்தித்தாள் விரிக்கக் கூடாது. வழுக்கிக் கால் அகன்று போனால் பிறகு கூடுவது கடினம். சாக்குத்துணி நல்லது. தண்ணீர் விஷயம் எனக்குத் தெரிந்திருந்தும் ஒரு நாள் பிந்திவிட்டேன். மூடி அளவே உள்ள தட்டுதான். இரண்டாம் நாள் காலை அதில் ஒன்று மூழ்கிக் கிடந்தது. அன்றே கோலிக்குண்டுகளைப் போட்டுத் தட்டை நிரப்பினேன். குண்டுகளின் இடுக்கில் இருக்கிற தண்ணீரை மற்ற 11 குஞ்சுகளும் குடித்தன. அந்த ஒன்றை முருங்கை மரத்தடியில் புதைத்தேன்.

மூன்றாம் வாரத்தில் பறக்கக் கற்றுக்கொண்டன. காடை பறப்பது சாய்வாக அல்ல. பயந்தால் நெட்டுக்குத்தாக மேலே எழும். கூண்டின் கூரை கம்பியாக இருந்தால் மண்டை உடையும். அதனால் கூண்டு ஒரு அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும், எழும்ப வேகம் கிடைக்காதபடி. நான் மேலே பழைய கொசுவலையைத் தளர்வாகக் கட்டினேன். முதல் முறை ஒன்று எழும்பி வலையில் மோதித் திரும்பிய ‘விர்ர்’ சத்தம் கேட்டதும் எனக்கு அம்மாவைப் பெற்ற அம்மாயியின் நினைவு வந்துவிட்டது.

அம்மாயி பிறந்தது காடைக் கூட்டம் என்ற குலத்தில். காங்கேயம் பக்கம் காடையூர் என்றே ஊர் உண்டு. காடையீசுவரர் கோயிலும் உண்டு. கூட்டத்தின் பேர் கொண்ட பறவை என்பதால் அம்மாயி காடை தின்னமாட்டார். கொள்ளுக் காட்டில் அறுப்பின்போது காலடியிலிருந்து அந்த ‘விர்ர்’ எழும். நான் கல்லைத் தேடி ஓடுவேன். அம்மாயி அரிவாளைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே நிற்பார். “செத்த நேரம் இரு கண்ணு, குஞ்சுகளக் கூட்டிட்டுப் போயிறட்டும்.” நாங்கள் நிற்போம். வெயிலில் ஒன்றும் அசையாது. பிறகு அந்தப் பாத்தியை விட்டுவிட்டு அடுத்த பாத்தியில் அறுப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. உருத்திரங்கண்ணனார் பார்த்த கொல்லையில் அறுத்துக்கொண்டிருந்தவர்களும் அப்படி நின்றிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

என் கூண்டில் இருப்பது அந்தக் காட்டுக் காடை அல்ல. அதைப் பிடிக்க 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் விடாது, விடவும் கூடாது. இது ஜப்பானியக் காடை, 1974இல் இந்தியாவுக்கு வந்தது. நாம் குறும்பூழைச் சண்டைக்கு விட்டோம். மருதக்கலியில் ஒரு தலைவன் பரத்தை வீட்டுக்குப் போய்வந்ததை மறைக்கக் குறும்பூழ்ப் போர் பார்த்ததாகச் சொல்கிறான். ஜப்பானியர்கள் குரலுக்காக வளர்த்தார்கள். எது நன்றாகக் கூவுகிறது என்று போட்டியே நடத்தினார்கள். 20ஆம் நூற்றாண்டில் முட்டைக்கும் கறிக்குமான வம்சம் பெருகியது. இரண்டாம் உலகப் போரில் பாடும் வம்சம் அழிந்துபோனது. என் சேவல்கள் விடியலுக்கு முன் கரகரவென்று கத்தும்போது, தொலைந்த அந்தப் பாட்டு எப்படி இருந்திருக்கும் என்று படுத்தபடியே யோசிப்பேன்.

தொலைந்தது பாட்டு மட்டுமல்ல. பொரிப்பானிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்த இந்தப் பறவை பெரும்பாலும் அடைகாப்பதை விட்டுவிட்டது. 1990இல் மீர் விண்வெளி நிலையத்தில் இதன் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் கால் ஊன்ற இடமில்லாமல் மிதந்தன. கொத்தித் தின்னவும் பிடிமானம் இல்லை. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கடம்பம் பூ காற்றில் உதிரலாம். உதிர்ந்து விழத் தரை வேண்டாமா?

ஏழாவது வாரம் மாலை ஐந்து மணி இருக்கும், முதல் முட்டை கிடந்தது. காடை மாலையில் இடுகிற பறவை. 10 கிராம், மை தெளித்தாற்போலப் புள்ளிகள். ஒவ்வொரு பெட்டைக்கும் தன் கோலம் தனி. தன் முட்டையின் நிறத்துக்குப் பொருந்துகிற தரையைப் பெட்டை தேர்ந்து இடுகிறது என்று 2013இல் ஓர் ஆய்வு வந்தது. தன் முட்டையின் நிறம் தெரிகிறது, ஒளிக்கத் தெரிகிறது, உட்காரத்தான் தெரியவில்லை. இட்டவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் மணல் தட்டுக்குப் போய்ப் புரள ஆரம்பித்தாள். முட்டை என் கையில் சூடாக இருந்தது.

எதிர்வீட்டு அக்காவின் சிறு கோழி அப்போது அடைக்கு உட்கார்ந்திருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். “வெச்சுப் பாருங்க தம்பி, கோழிக்குத் தெரியவா போகுது” என்றார். ஒரு வாரம் சேர்த்த முட்டைகளில் ஒன்பதை இரவில் வயிற்றுக்கு அடியில் நகர்த்தி வைத்தோம். ஓடு மெல்லியது, மூன்றாம் நாளே இரண்டு உடைந்தன. மற்ற ஏழும் இருக்கின்றன. கோழிக்குக் கணக்கு 21 நாள், காடைக்கு 17.

இன்று பதினான்காம் நாள். காலையில் பார்க்கலாம் என்று கூடையின் விளிம்பில் கையை வைத்தேன். கோழி இறகைச் சிலிர்த்து, முட்டைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, என் விரலைக் கொத்தியது. கையை எடுத்துக்கொண்டேன்.