காலிக் குடம்

வடபழனியில் பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடி. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். அனிமேஷன் வேலையைப் பார்க்கப் போன எனக்கு மதுரைப் பக்கத்து இளைஞர் ஒருவர் தன் அருகே நாற்காலி போட்டுக் கொடுத்தார். அவருடைய திரையில் கிராமத்துப் பெண் ஒருத்தி இடுப்பில் குடத்தோடு நடந்துகொண்டே இருந்தாள்; இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"வாக் சைக்கிள் சார். ரெண்டு எட்டு ஒழுங்கா வச்சுட்டா, அதையே திரும்பத் திரும்ப ஓடவிடலாம்."

விநாடிக்கு 24 பிரேம். சாதாரண நடையில் ஓர் எட்டுக்கு 12 பிரேம். நிமிடத்துக்கு 120 எட்டு. ஒவ்வோர் எட்டிலும் நான்கு நிலைகள்: குதிகால் தரையைத் தொடுவது, முழங்கால் மடங்கி உடல் தாழ்வது, பின்கால் முன்காலைக் கடப்பது, உடல் எழும்புவது. இந்த நான்கையும் அவர் நிறுத்திக் கொடுக்க, இடைப்பட்டதைக் கணினி நிரப்புகிறது. "அது நிரப்புனதை அப்படியே விட்டா பொம்மை நடை சார். அப்புறம் உக்காந்து இழைக்கணும்."

மேசையில் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜின் படங்கள் கிடந்தன. மனிதர்களும் விலங்குகளும் நடப்பதை, ஓடுவதைக் கணம் கணமாகப் பிடித்து 1887இல் 781 தட்டுகளாக அவர் வெளியிட்டவை. இந்தத் தொழிலில் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள்.

அறையைக் கூட்ட வந்த அக்கா துடைப்பத்தோடு எங்கள் பின்னால் நின்றுவிட்டார்.

"குடத்துல தண்ணி இல்லையே தம்பி."

இளைஞர் திரும்பினார். "எப்படிக்கா சொல்றீங்க?"

"நெறகுடத்தை வச்சிக்கினு இப்டியா துள்ளுவா?"

அவ்வளவுதான். பிளாஸ்டிக் குடம் ஒன்று நிரம்பியது. அக்கா அதை இடது இடுப்பில் ஏற்றி வராந்தாவில் நடந்தார். இளைஞர் செல்போனில் பிடித்தார். பிறகு அதை ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் பார்த்தோம். இடுப்பு இடப்பக்கம் தள்ளி நிற்க, மேலுடம்பு வலப்பக்கம் சாய்கிறது. இடது கை குடத்தின் கழுத்தை வளைத்துப் பிடித்திருக்கிறது. அது வீசுவதே இல்லை. வலது கை உடம்பை விட்டு விலகி நிற்கிறது. எட்டு சின்னது, பாதம் ஏறக்குறைய முழுதாகவே தரையில் பதிகிறது. எல்லாவற்றையும்விட, குடத்தின் வாய் மேலும் கீழும் ஆடவில்லை. தண்ணீர் தளும்பக் கூடாதே!

இளைஞர் முதலில் காலைத் தொடவே இல்லை. இடுப்பிலிருந்துதான் ஆரம்பித்தார். எழும்பும் உயரத்தைக் குறைத்தார். எட்டுக்கு 14 பிரேம் ஆக்கினார். முந்தானையும் காலும் அதற்குப் பின்னால்தான். சாயங்காலம் ஆகிவிட்டது.

வீட்டுக்குக் கிளம்பிய அக்கா பையோடு எட்டிப் பார்த்தார். "இப்ப தண்ணி இருக்கு."

படத்தில் அந்தக் காட்சி 4 விநாடி வருமாம். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அக்கா பெயரையும் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.